ரிமோட் விமானத்தின் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் சீக்கிரமே உப்பிவிடுகின்றன. எப்படி சார்ஜ் செய்வது, எப்படிப் பராமரிப்பது? உப்பியதை இன்னும் பயன்படுத்தலாமா?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்கள் இவை: 3 செல், 2200 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரிகள், செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் வசதியுள்ள சார்ஜர், மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் பறக்கவிடுவது. நினைத்த நேரத்தில் கிளம்ப வசதியாக எல்லா பேட்டரியையும் முழுதாக சார்ஜ் செய்தே வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்தக் கடைசி வழக்கம்தான் காரணமாக இருக்கும்.

லைப்போ செல் ஒன்று முழுதாக நிறைந்தால் 4.20 வோல்ட். அந்த நிலையில் சும்மா கிடந்தாலே உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற வேதிப்பொருள் மெல்ல மெல்லச் சிதையும். சிதையும்போது வாயு உண்டாகும். செல்லின் உறை வெறும் மெல்லிய பைதான், வாயு வெளியேற வழியும் கிடையாது, அதனால் பை உப்புகிறது. சூடான இடத்தில் வைத்திருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். நான் பார்த்தவரை பறந்து தேய்ந்த பேட்டரிகளைவிட, அலமாரியில் முழு சார்ஜோடு கிடந்து கெட்டவைதான் அதிகம்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இருக்கும்படி வையுங்கள். உங்கள் 3 செல் பேட்டரிக்கு மொத்தம் சுமார் 11.4 முதல் 11.55 வோல்ட். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்றொரு மோடு இருக்கும். பேட்டரி குறைவாக இருந்தால் ஏற்றும், நிறைந்திருந்தால் இறக்கும். ஆனால் சின்ன சார்ஜர்கள் இறக்குவதில் ரொம்ப மெதுவாக இருக்கும், ஒரு பேட்டரிக்கே மணிக்கணக்கில் ஆகும். மழை வந்து பறக்க முடியாமல் போன நாளில் நாலு பேட்டரி நிறைந்து கிடந்தால் பொறுமை போய்விடும். பறக்கவிடும் நாளன்று காலையில் சார்ஜ் செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. 1சி வேகத்தில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும்.

1சி என்பது பேட்டரியின் கொள்ளளவையே ஆம்பியராக எழுதுவது. 2200 எம்ஏஎச் என்றால் 2.2 ஆம்பியர். இதைவிட வேகமாக சார்ஜ் செய்யலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் பேட்டரிகள் உண்டு. அவசரம் இல்லாதபோது 1சி-யைத் தாண்ட வேண்டாம் என்பேன். லேபிளில் பெரிதாக இருக்கும் 30சி, 40சி எல்லாம் மின்சாரத்தை எடுக்கும் வேகம், ஏற்றும் வேகம் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து.

தொடங்கும் முன் சார்ஜர் திரையில் பேட்டரி வகையும் செல் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பேலன்ஸ் ஒயரை மாட்டாமல் சார்ஜ் செய்யாதீர்கள். மொத்த வோல்டேஜ் சரியாகத் தெரியும்போதே ஒரு செல் 4.20 வோல்ட்டைத் தாண்டியும் இன்னொன்று பின்தங்கியும் இருக்கலாம். அந்த ஒயர் இருந்தால்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே செல் எப்போதும் பின்தங்கினால் அந்த பேட்டரியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விமானம் தரையிறங்கியவுடன் சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். குளிரிலும் கவனம் தேவை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும், அது திரும்பச் சரியாகாது. அப்புறம் முக்கியமான ஒன்று: சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள். தீப்பிடிக்காத தரையின் மேல் வையுங்கள், கட்டில் மேலோ மரமேசை மேலோ வேண்டாம். லைப்போ தீ சில நொடிகளில் பெரிதாகும், புகையும் நச்சு. தூங்கப் போகும் முன் சார்ஜில் போட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது.

பறக்கவிடும்போது கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். உங்கள் பேட்டரிக்கு அது 1760 எம்ஏஎச். அடுத்த சார்ஜில் எவ்வளவு திரும்ப ஏறியது என்று சார்ஜரே காட்டும், அதை வைத்து டிரான்ஸ்மிட்டரில் (கையில் வைத்து இயக்கும் ரிமோட்) உள்ள டைமரைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். மோட்டார் தானாக நிற்கும்வரை ஓட்டுவது பேட்டரிக்கும் நல்லதல்ல, விமானத்துக்கும் நல்லதல்ல. பறந்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மறந்து மாட்டியபடியே விட்டால் விமானத்தில் சிக்னலை வாங்கும் ரிசீவரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, ஓரிரு நாளிலேயே செல்களை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிடலாம்.

டிரான்ஸ்மிட்டரில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இருந்தால் அதற்கு வேறு கணக்கு. செல்லுக்கு 1.2 வோல்ட், சார்ஜரிலும் அந்த வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். நிறைந்ததும் அதன் வோல்டேஜ் லேசாக இறங்கும், அதைக் கண்டுபிடித்துத்தான் சார்ஜர் நிறுத்தும். சும்மா இருந்தாலும் சார்ஜ் குறைந்துகொண்டே போகும் என்பதால், இதைப் பறக்கவிடுவதற்கு முந்தைய நாள் நிரப்பிக்கொள்வது நல்லது.

உப்பிய பேட்டரியைப் பொறுத்தவரை என் பதில், பயன்படுத்த வேண்டாம். லேசாக உப்பியதை மேலும் சில முறை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், நான் ஓட்டமாட்டேன். அழுத்தித் தட்டையாக்குவதோ குத்தி வாயுவை வெளியேற்றுவதோ தீயை வரவழைக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் செல் காலியாகும் முன்பே முனைகள் அரித்துப்போகும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். வீட்டுக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில், சின்ன பல்ப் ஒன்றை மாட்டி மெதுவாகப் பூஜ்யம் வரை இறக்குங்கள். பிறகு முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.