வாங்கிய பழைய காரில் கிலோமீட்டர் குறைக்கப்பட்டிருந்தால்?

40,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லி வியாசர்பாடியில் ஒருவர் வாங்கிய காருக்கு, பழைய சர்வீஸ் பில்லில் 90,000 என்றிருந்தால் என்ன அர்த்தம்? ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரை யாரோ குறைத்திருக்கிறார்கள். காரணம் விலைதான், குறைவாக ஓடிய வண்டிக்குக் கூடுதல் பணம் கிடைக்கும். கெட்டுப்போன பால் பாக்கெட்டில் தேதியை மட்டும் மாற்றுவது போன்ற வேலை. இன்ஜின் பாகங்களை ஒத்திசைவாக ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பதை இந்த எண்ணை நம்பித்தான் முடிவு செய்கிறோம், அதனால் ஆபத்தும்கூட. தேய்ந்த பிரேக் பெடலும் வழவழப்பான ஸ்டீயரிங்கும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சரி, பில் நகல், விற்றவரின் வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். டீலரிடம் வாங்கியிருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். டிஜிட்டல் மீட்டரை மாற்றவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் ஒரு மெமரி சிப்பில்தான் இருக்கிறது, கருவியை இணைத்துத் திருத்திவிடலாம்.