சென்னை வெயிலைப் பின்ன எத்தனை நிறம் வேண்டும்?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அன்றன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம் என்று ஆண்டு முழுக்கப் பின்னும் டெம்பரேச்சர் ஸ்கார்ஃப் ஆரம்பிக்க ஆசை. எனக்குக் கிடைத்த அட்டவணையில் 12 நிறம் இருக்கிறது. எல்லாமே வாங்க வேண்டுமா? எவ்வளவு நூல் ஆகும்? வேலைக்குப் போகிறவள் நான், தினமும் ஊசியைத் தொட முடியாது."

முதலில் அந்த அட்டவணையை ஓரமாக வையுங்கள். மைனஸ் 10-ல் தொடங்கி ஐந்தைந்து டிகிரியாக ஏறுகிறது என்றால் அது பனி கொட்டும் ஊருக்குப் போட்டது. நானும் முதல் தடவை அதை நம்பித்தான் வாங்கினேன். எட்டு உருண்டை பிரிக்காமலே கிடந்தன. ஆண்டு முழுக்க மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மறுபடி ஆரஞ்சு. எந்தக் கட்சித் துண்டு என்று என் மாமியார் கேட்டார்.

சென்னையில் ஜனவரிப் பகல் உச்சம் 29, 30 டிகிரி. மே மாதம் 37, 38. சில நாள் 40-ஐத் தாண்டும். அடைமழை நாளில் 26, 27-க்கு இறங்கும். ஆக மொத்த ஆட்டமே பதினைந்து டிகிரிக்குள்தான். அதனால் இரண்டிரண்டு டிகிரியாக வெட்டுங்கள்: 28-க்குக் கீழே ஒன்று, 28–30, 30–32 என்று ஏறி, 40-க்கு மேல் ஒன்று. எட்டு நிறம் போதும். சரியாக 30.0 வந்தால் எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பிடித்த நிறத்தின் பக்கம் கை போகும்.

365 நாளையும் எட்டுச் சம பங்காகப் பிரித்து, எல்லா நூலும் ஒரே அளவு செலவாகும்படி செய்பவர்களும் உண்டு. கடையில் வாங்கச் சுலபம்தான். எனக்குப் பிடிக்காது. 40-ஐத் தாண்டிய நாலு நாள் நாலே கோடாக, கண்ணைக் குத்துகிற மாதிரி நிற்க வேண்டாமா? சம பங்கில் அவை 37-உடன் கலந்து காணாமல் போய்விடும்.

நிறங்களை வாங்குமுன் வரிசையாக அடுக்கி மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் படிப்படியாகப் போனால் சரி. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள்.

வெப்பநிலைக்கு மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று இரண்டு வானிலை நிலையங்களின் கணக்கு வரும். கடற்காற்று நுங்கம்பாக்கத்தை முதலில் தொடுவதால் கோடையில் மீனம்பாக்கம் பெரும்பாலும் கூடுதலாகச் சுடும். உங்கள் வீட்டுக்குப் பக்கம் மீனம்பாக்கம்தான். அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் வானிலை மையக் கணக்கில் அது மழை நாள். அன்று மட்டும் நூலோடு ஒரு வெள்ளித் தையல் நூலைச் சேர்த்துப் பின்னினால் ஐப்பசி, கார்த்திகை தனியாக மின்னும்.

தினம் ஒரு வரிசை வேண்டாம், இரண்டு வரிசை. இரண்டுமே நிட், அதாவது நேர்க் கண்ணி; அதைத் திருப்பிப் போடும் பர்ல் கிடையாது. நூல் தொடங்கிய ஓரத்திலேயே முடியும், ஒரு நாளுக்கு ஒரு மேடு விழும், ஓரமும் சுருளாது. ஒருபக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று போனால் துணி பாய் போலச் சுருண்டுகொள்ளும். ஒரே நூல், கண்ணியின் வரிசைதான் வேறு. அதற்கே துணியின் குணம் மாறிவிடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் இதையே ஆராய்ச்சியாகச் செய்கிறார்.

நடுத்தரத் தடிமன் நூல், 5 மில்லிமீட்டர் ஊசி, 35 கண்ணி என்றால் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் அகலம். 730 வரிசை முடியும்போது நீளம் ஏறக்குறைய 190 சென்டிமீட்டர் வரும். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நூல் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள், சமையலறைத் தராசிடம் கேளுங்கள். உருண்டையை நிறுத்து, 20 வரிசை பின்னி, மறுபடி நிறுங்கள். 7 கிராம் குறைந்திருந்தால் ஒரு நாளுக்கு 0.7 கிராம், ஆண்டுக்கு 255 கிராம். போன ஆண்டில் எந்த நிறத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பெருக்கினால் நிறவாரியாக வந்துவிடும். நூல் முனைகளுக்குப் பத்து சதவீதம் கூட்டி, ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலாக) மொத்தமாக வாங்குங்கள்.

அப்புறம், நேரம். எண்ணை மட்டும் தினம் காலண்டரில் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளையும் சேர்த்துப் பின்னலாம், ஒரு மணி நேரம் ஆகும். முனைகளை அன்றைக்கே கோத்து ஒளித்துவிடுங்கள். டிசம்பருக்கென்று விட்டால் நானூறு, ஐந்நூறு வால்கள் தொங்கும். நான் விட்டேன், பொங்கல் விடுமுறை முழுக்க அதிலேயே போனது.