கிர்கிஸ்தானில் ஓடும் சூ ஆறு அங்குள்ள இசிக்குல் ஏரியிலிருந்து கிளம்புகிறதா?

இல்லை. உங்கள் பழைய வரைபடத்தில் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள பாலிக்சி ஊர் அருகே ஏரியையும் ஆற்றையும் இணைக்கும் நீலக் கோடு ஒன்றை வைத்து, ‘ஏரியின் வடிகால்’ என்று எழுதிவிடாதீர்கள். இசிக்குல்லுக்குள் தண்ணீர் வரும், வெளியே போக வழி கிடையாது. லேசாக உப்புக் கரிப்பதும் அதனால்தான்.

சூ ஆறு தெற்கே கொச்கோர் என்ற ஊர்ப் பக்கமிருந்து வருகிறது. ஓர்த்தோ-தொக்கோய் அணையைத் தாண்டி, ஏரியின் மேற்குக் கரைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, வடமேற்கே பூம் பள்ளத்தாக்குக்குள் திரும்பிவிடுகிறது. இவ்வளவு பக்கம் வந்தும் சேராத ஆறு!

அந்தக் கோடு அநேகமாகக் குத்தெமால்டி என்ற சிறு ஓடை. அதில் ஆற்றுத் தண்ணீர்தான் ஏரிக்குப் போனது. நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்த் திசை. 1856-இல் அங்கே போன ரஷ்யப் புவியியலாளர் செம்யோனவ், சூ இந்த ஏரியில் பிறக்கவில்லை என்று அப்போதே தெளிவாக்கிவிட்டார்.

சந்தேகமிருந்தால் செயற்கைக்கோள் படத்தில் அணையிலிருந்து ஆற்றைத் தொடர்ந்து போங்கள். உயரத்தையும் பாருங்கள்: ஏரி மட்டம் சுமார் 1,607 மீட்டர், ஊரை ஒட்டி வரும் ஆறு அதைவிட மேலே.

ஒன்று, ‘எப்போதுமே வடிகால் இருந்ததில்லை’ என்று எழுத வேண்டாம். புவியியல் காலத்தில் ஏரி பூம் வழியாக வழிந்திருக்கிறது. அப்புறம், சோவியத் கால வரைபடத்தில் பாலிக்சியைத் தேடினால் கிடைக்காது. ரிபாச்சியே என்று போட்டிருக்கும்.