பீலேயின் காலடியில் பாய்ந்த கோல்கீப்பர்

மைதான ஓரம் – வாசகர் கேள்வி பதில்

(வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்துவரும் பயிற்சியாளர் பதில் அளிக்கிறார். இந்த மாதம்: இந்தியாவுக்கு வந்து ஆடிய வெளிநாட்டு அணிகள்.)

என் மகன் தினமும் மாலையில் முல்லை நகர் மைதானத்தில் ஆடுகிறான். பீலே இந்தியாவில் ஆடியிருக்கிறார் என்று யாரோ சொன்னதற்கு, "கதை விடுகிறார்கள்" என்கிறான். உண்மை எது ஐயா?
– வாசகி, வியாசர்பாடி

உண்மைதான் அம்மா. தம்பியிடம் தேதியோடு சொல்லுங்கள்: 1977 செப்டம்பர் 24, சனிக்கிழமை, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். நியூயார்க் காஸ்மோஸ் அணிக்காகப் பீலே ஆடினார். எதிரில் நின்றது கல்கத்தாவின் மோகன் பகான் கிளப். பீலேவுக்கு 37 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அடுத்த வாரமே, அக்டோபர் 1 அன்று, அமெரிக்காவில் தன் கடைசி ஆட்டத்தை ஆடி ஓய்வு பெற்றுவிட்டார்.

மழையில் நனைந்து சொதசொதவென்று கிடந்த தரை. 1970இல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய பிரேசில் கேப்டன் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, காஸ்மோஸுக்கு முதல் கோலை அடித்தார். மோகன் பகான் அசரவில்லை. ஷ்யாம் தாபா சமன் செய்தார். ஹைதராபாத்காரர் முகமது ஹபீப் இரண்டாவதைப் போட்டார். 2-1 என்று நம் அணி முன்னால் நின்றது! பிறகு ஒரு பெனால்டி. அது பெனால்டியே இல்லை என்று கல்கத்தாக்காரர்கள் இன்றும் வாதாடுவார்கள். காஸ்மோஸின் கினாலியா அதை உள்ளே தள்ள, ஆட்டம் 2-2. பீலேவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. நடுக்களத்தில் கௌதம் சர்க்கார் அவரை நிழல்போலத் தொடர்ந்தார். கோல்கீப்பர் சிவாஜி பானர்ஜி பீலேயின் காலடியிலேயே பாய்ந்து பந்தைப் பிடித்தார்.

எனக்கு அப்போது 16 வயது. மறுநாள் ஞாயிறு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு சலூனில் முடிவெட்ட வரிசையில் காத்திருந்தபோது பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்தேன். என் முறை வந்தது, எழுந்து போகவில்லை. நானும் கோல்கீப்பர்தான். எதிராளியின் பூட்ஸுக்கு முன்னால் முகத்தைக் கொடுக்க அதுவரை எனக்குப் பயம். அன்று மாலையே காசிமேட்டு மணலில் நண்பனைப் பந்தோடு ஓடிவரச் சொல்லி, அவன் காலடியில் நாற்பது ஐம்பது முறை விழுந்தேன். வீட்டுக்குப் போனபோது காதிலெல்லாம் மணல். அன்றோடு அந்தப் பயம் போய்விட்டது. காட்சி ஆட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த மணல்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று மோகன் பகானின் பயிற்சியாளர் பி.கே.பானர்ஜி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் பருவத்திலேயே மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ், டுராண்ட் என்ற மூன்று கோப்பைகளையும் வென்றது. பீலேவோடு சமமாக ஆடியவர்கள் வேறு யாருக்குப் பயப்படுவார்கள்?

காட்சி ஆட்டத்துக்கும் நட்பு ஆட்டத்துக்கும் என்ன வேறுபாடு? முடிவு எங்காவது கணக்கில் சேருமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

இரண்டு நாடுகளின் முதன்மை அணிகள் முறைப்படி மோதினால் அது நட்பு ஆட்டம். ஃபிஃபா தரவரிசையில் சேரும். வெளிநாட்டு கிளப் வந்து ஆடுவதும், ஓய்வுபெற்ற வீரர்கள் கூடி ஆடுவதும் காட்சி ஆட்டங்கள். எந்தப் புள்ளியிலும் சேராது. ஆனால் ஆடுகிறவனின் நெஞ்சு துடிப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

வெள்ளைக்காரர் காலத்திலும் இப்படி அணிகள் வந்தனவா?
– வாசகர், ராயபுரம்

வந்தன. லண்டனின் இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ் என்ற அமெச்சூர் அணி 1937-38இல் கப்பலில் உலகத்தையே சுற்றியபடி இந்தியாவிலும் பல ஊர்களில் ஆடியது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. எல்லா இடத்திலும் நிமிர்ந்து நின்ற அந்த அணியை டாக்காவில் நம் பையன்கள் 1-0 என்று சாய்த்தார்கள்.

2011இல் மெஸ்ஸி கொல்கத்தா வந்தபோது அர்ஜென்டினாவோடு வெனிசுலாதான் ஆடியது. இந்தியாவை ஆடவிட்டிருக்கலாமே! தோற்றுவிடுவோம் என்ற பயமா?
– வாசகர், காசிமேடு

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. செப்டம்பர் 2 அன்று சால்ட் லேக் மைதானத்தில் நடந்தது முறையான நட்பு ஆட்டம். மெஸ்ஸி அணித்தலைவர், பயிற்சியாளர் சபேயாவுக்கு அது முதல் ஆட்டம். மெஸ்ஸியின் கார்னரை ஒட்டமெண்டி தலையால் முட்ட, 1-0. பார்க்க அழகு. ஆனால் நம்மவர்கள் கைதட்ட மட்டுமே இருந்தார்கள்.

தோல்விக்குப் பயந்து ஒதுங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். 1984இல் நேரு கோப்பை என்ற பன்னாட்டுப் போட்டிக்காகக் கல்கத்தா வந்த அர்ஜென்டினாவிடம் நாம் தோற்றது 1-0 என்றுதான். அந்த அணியின் பயிற்சியாளர் பிலார்டோ இரண்டே ஆண்டில் உலகக் கோப்பையை வென்றவர். 2012 ஜனவரி 10 அன்று டெல்லியில் நம் முன்னாள் அணித்தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவின் பிரியாவிடை ஆட்டத்தில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப் நம்மை 4-0 என்று வென்றது. நாலு கோல் வாங்கினோம், சரி. அவர்களுடைய ஷ்வைன்ஷ்டைகர் பந்தை வாங்கும் முன்பே அதை எங்கே கொடுப்பது என்று முடிவெடுத்துவிடுவதை நம் நடுக்கள வீரர்கள் இரண்டு முழ தூரத்தில் நின்று பார்த்தார்கள். எத்தனை நாள் டி.வி. பார்த்தாலும் அந்தப் பாடம் கிடைக்காது.

சென்னைக்கு ஏன் யாரும் வருவதில்லை?
– வாசகி, புளியந்தோப்பு

வந்திருக்கிறார்கள் அம்மா, உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துக்கே! 1993இல் ஜவஹர்லால் நேரு மைதானம் புதிதாகத் திறந்தபோது நேரு கோப்பை அங்கேதான் நடந்தது. அது போட்டித் தொடர், காட்சி ஆட்டம் அல்ல. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் வெளிநாட்டு அணிகளை நேரில் கண்டது அன்றுதான். பதினோரு பிள்ளைகளை வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயிலேற்றி, மூர்மார்க்கெட் வளாகத்தில் இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டே நடத்திக் கூட்டிப் போனேன். மின்விளக்கில் புல் அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. ஒருவன் குனிந்து, "சார், இது நிஜப் புல்லா?" என்று கேட்டான். சரளைக்கல்லில் முட்டி தேய்ந்த பிள்ளை அவன். கோப்பையை வட கொரியா கொண்டுபோனது. திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகள் பேசியது கோப்பையைப் பற்றி அல்ல, வட கொரியர்கள் ஓய்வே இல்லாமல் ஓடியதைப் பற்றி.

2025 மார்ச் 30 அன்று அதே மைதானத்தில் பிரேசில் முன்னாள் நட்சத்திரங்கள் இந்திய முன்னாள் வீரர்களோடு ஆடினார்கள். ரொனால்டினோ, ரிவால்டோ களத்தில். பயிற்சியாளர் துங்கா, 1994இல் உலகக் கோப்பை வென்ற அணித்தலைவர். பிரேசிலுக்கு 2-1. நமக்குக் கோல் போட்டவர் பிபியானோ. பேரனோடு போயிருந்தேன். ரொனால்டினோவுக்கு 45 வயது, ஓட்டம் குறைந்துவிட்டது. பந்தை நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கும்போது மட்டும் அது பூனைக்குட்டி மாதிரி அடங்கிப் படுத்தது. அதற்கே நான் கொடுத்த பணம் சரியாகிவிட்டது.

ஒரே ஒரு வருத்தம் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அழைத்தார்கள். வீரர்களின் கையைப் பிடித்துக் களத்துக்குள் நடக்கலாம் என்றார்கள். வெள்ளைச் சட்டை வாங்கக் கடன்பட்ட தாய்மார் உண்டு. வாசலுக்குப் போனபின் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடத்துகிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: முடியாது என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். ஒரு பிள்ளை அதன்பிறகு மைதானத்துக்கே வரவில்லை.

எனக்கு 14 வயது. பள்ளி அணியில் கோல்கீப்பர். முதல் முறையாகப் பெரிய ஆட்டம் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும் சார்?
– மாணவி, பெரம்பூர்

கண்ணு, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் டிக்கெட் கிடைத்தால் அதையே வாங்கச் சொல். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது எல்லோரும் அங்கே பார்ப்பார்கள். நீ இந்தப் பக்கத்துக் கோல்கீப்பரைப் பார். எத்தனை அடி முன்னால் வந்து நிற்கிறார், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் எப்போது பின்வாங்குகிறார் என்று ஒரு தாளில் குறித்துவை. எதிராளி தனியாக ஓடிவந்தால், கோல்கீப்பர் கீழே விழுவதற்கு முன் அவருடைய கைகள் எங்கே இருந்தன என்பதையும் எழுது. அந்தத் தாளை ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் மைதானத்துக்குக் கொண்டு வா. மணல் கொட்டிய மூலை ஒன்று இருக்கிறது. பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.