பிரெட் மெஷின் பழுதும் பராமரிப்பும்: சேலம், ஏற்காடு வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

சேலத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஓவன் ஆகியவற்றைப் பழுதுபார்த்து வரும் என்னிடம் அண்மைக்காலமாக, மாவைப் பிசைந்து பொங்கவைத்து ரொட்டியாகச் சுட்டும் தரும் வீட்டு பிரெட் மெஷின்களும் வருகின்றன. அவற்றைக் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஐயா, மூன்று வருடமாக உபயோகிக்கும் மெஷினில் இப்போது ரொட்டியின் அடியில் கறுப்புக் கறை படிகிறது. மாவு பிசையும்போது கீச்சென்ற சத்தமும் கேட்கிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைத் தொட வேண்டாம். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள்; தண்டு வெளியே வரும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையமோ துருவோ தெரிந்தால், கோளாறு அங்கேதான் இருக்கிறது. பிசையும் இறக்கையைச் சுழற்றும் அந்தத் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. அது தேய்ந்துவிட்டால் மாவின் ஈரம் கீழே கசிந்து, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் உலோக வளையமான புஷ்ஷில் இருக்கும் மசகைக் கழுவிவிடும். பிறகு இரும்பும் இரும்பும் உரசிச் சத்தம் வரும், உரசிய கறுப்பு மாவில் ஏறும். உறுதி செய்துகொள்ள, பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். தாளில் ஈர வட்டம் விழுந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

மிக்ஸி ஜாருக்கு புஷ் மாற்றித் தருபவர் எவரும் இந்த வேலையைச் செய்துவிடுவார். அடியிலுள்ள கிளிப்பைக் கழற்றினால் தண்டு வாஷர்களோடு மேலே வந்துவிடும். ஆனால் ஒன்றை நீங்கள் அருகில் நின்று வலியுறுத்த வேண்டும். அளவு பொருந்துகிறது என்பதற்காக மோட்டார் பம்பில் போடும் சாதாரணக் கறுப்பு ரப்பர் சீலைப் போட்டுவிடக் கூடாது. அது 100 டிகிரி சூட்டைத் தாண்டினால் நாளடைவில் கெட்டியாகி வெடித்துவிடும். ரொட்டி வேகும் சூடு அதைவிட மிக அதிகம். சிலிக்கான் சீலும், உணவுப் பொருளுக்கு ஏற்ற கிரீஸும்தான் தேவை. தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்தவர்களின் பாத்திரங்களும் என்னிடம் வந்திருக்கின்றன. அந்த எண்ணெய் சூட்டில் காய்ந்து பிசினாகித் தண்டையே இறுக்கிப் பிடித்திருந்தது. இனிமேல் பாத்திரத்தைத் தொட்டித் தண்ணீரில் மூழ்க வைக்காமல், உள்ளே மட்டும் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள்.

கேள்வி (ஏற்காடு): சேலத்தில் இருந்தவரை நன்றாக வந்த ரொட்டி, இங்கே குடிவந்த பிறகு பொங்கி எழுந்து நடுவில் குழிந்துவிடுகிறது. ஹீட்டர் பலவீனமாகிவிட்டதா?

பதில்: உங்கள் மெஷின் நன்றாகவே இருக்கிறது, அம்மா, மாறியது ஊரின் உயரம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. ஈஸ்ட் உண்டாக்கும் வாயு அதிகமாக விரிந்து, மாவு வேகத் தொடங்கும் முன்பே தாங்கும் அளவைத் தாண்டி எழும்பிவிடுகிறது. வெளியே குளிராக இருந்தாலும், மாவு பொங்கும் நேரத்தில் மெஷின் தானே இளஞ்சூடு கொடுப்பதால், குளிர் அதைத் தடுப்பதில்லை. ஈஸ்ட்டில் கால் பங்கைக் குறையுங்கள், உப்பைக் குறைக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் மூடியைத் திறந்து மாவைத் தொட்டுப் பார்த்து, தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். உருண்டை விரலில் இலேசாக ஒட்டி விடுபட வேண்டும். அங்கே தண்ணீரே சுமார் 95 டிகிரியில் கொதித்துவிடுவதால், ரொட்டியின் நடுவில் தெர்மாமீட்டர் 93 காட்டினாலே வெந்துவிட்டது என்று கொள்ளலாம். மேல்தோல் வெளிறி, நடுப்பகுதி பச்சையாகவே நின்றால் மட்டும் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர்): ஐப்பசி மழையில் ஒரு மாதம் எடுக்காமல் வைத்திருந்தேன். இப்போது வேகவைக்கும் கட்டம் வந்ததும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது.

பதில்: ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அதன் வழியே மின்சாரம் கசியும்போது ஆர்சிசிபி தன் கடமையைச் செய்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் செருகி ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கசிவு வெளித்தகட்டுக்கு வந்து, தொட்டவரைத் தாக்கும். ஹீட்டரைக் கழற்றி மெல்லிய சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி, மின்கசிவுத் தடையை அளக்கும் மெகர் கருவி கொண்டு சோதித்த பிறகே மாட்ட வேண்டும். உலர்த்தியும் அளவு தேறாவிட்டால் புதிய ஹீட்டர்தான்.

கேள்வி (அம்மாபேட்டை): ஒரு ரொட்டி எடுத்தவுடன் இரண்டாவதற்கு வைத்தால் திரையில் எச்எச்எச் என்று வந்து நின்றுவிடுகிறது.

பதில்: பல மாடல்களில் அது உள்ளறை இன்னும் ஆறவில்லை என்பதற்கான குறி. மூடியைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் அரை மணிக்கு மேலும் ஆகலாம். நன்றாக ஆறிய பிறகும் மறையாவிட்டால் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (சூரமங்கலம்): மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஷினை இங்கே ஓட்டலாமா?

பதில்: அது 120 வோல்ட்டுக்குச் செய்தது; நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றைக்கே எரிந்துவிடும். ஹீட்டரின் வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கேள்வி (ஐந்து ரோடு): கோதுமை மாவு போட்டால் மோட்டார் உறுமுகிறது, இறக்கை சுற்றவில்லை.

பதில்: முதலில் பாத்திரமே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். கீழே பாத்திரத்தின் தண்டோடு பொருந்திச் சுழற்றும் கப்ளர் ஒழுங்காகச் சுற்றினால் பெரும்பாலும் மெஷினில் குறையில்லை, மாவுதான் கெட்டி. ஆட்டா மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். பாத்திரம் இல்லாமலும் உறுமினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு கப்ளரைக் கையால் திருப்புங்கள். இறுகியிருந்தால் புஷ் சிக்கியிருக்கிறது. தளர்வாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டர் பலமிழந்திருக்கும். உறுமலே கேளாமல் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வந்து கப்ளர் நின்றால், பல்லுள்ள பெல்ட் அறுந்துவிட்டது. கெப்பாசிட்டரை மாற்றுபவர், மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபேரட் அளவையே வாங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர் அடித்தகட்டைத் திறக்க வேண்டாம்.