பழைய பைக்கில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய பைக் ஒன்று விலைக்கு வருகிறது. மெக்கானிக் யாரும் உடன் வர முடியாது. நானே எப்படிச் சோதிப்பது?

பதில்: போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட்டிங் கோளாறும் புகையும் ஆறிய எஞ்சினில்தான் வெளிப்படும். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்து ஓரிரு நிமிடத்தில் மறைவது வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் நீலப்புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அது பெரிய செலவு.

அடுத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'டக்'கென்று பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது.

பின் ஸ்ப்ராக்கெட்டின் (பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்) கடைசிப் பகுதியில் செயினைப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் செட்டையே மாற்ற வேண்டும்.

பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள், அது ஒரு நாள் வேலை. ஹேண்டில் முனை, லிவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் மூன்றும் ஒரே பக்கம் உரசியிருந்தால் வண்டி விழுந்திருக்கிறது.

கேள்வி: டயரின் வயதை எப்படி அறிவது?

பதில்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.