வீட்டை அடமானம் வைத்து மருத்துவம் வேண்டாம்

மகளுக்கு நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. பெரியப்பாவோ, "வீட்டை அடமானம் வைத்தாவது டாக்டராக்கிவிடு" என்கிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மகளின் தம்பிக்கு ரத்தபேதி வந்தபோது டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை; கிருமியால் வந்த நோய்க்கு ஏன் அது கூடாது என்று இவள் நாள்கணக்கில் தேடிப் படித்தாள். அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

அவள் கேட்டது பெரிய கேள்வி. உணவு வழியாக வரும் சில ஈ.கோலை கிருமிகள் ஷிகா என்ற நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சுக்கான மரபணு, கிருமிக்குள் அடங்கிக் கிடக்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகளால் கிருமியின் டிஎன்ஏ சேதமானால் அந்த வைரஸ் விழித்துக்கொள்ளும். நச்சு இன்னும் பெருகும். அது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் மூலம் இப்படி ஒரு கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த நச்சைத் தடுப்பதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் வரவில்லை.

அந்த மருந்தைத் தேடுவதும் ஒரு வேலைதான். உறவினர் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நச்சின் ஒரு பகுதி செல்லின் மேலுள்ள ஜிபி3 என்ற பொருளில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பகுதி உள்ளே போய்ப் புரத உற்பத்தியை நிறுத்தும். ஒட்டவிடாமல் செய்யலாம், உள்ளே போகும் வழியை அடைக்கலாம், ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தால் நச்சையே பிடித்துவைக்கலாம். லேபில் 96 குழிகள் கொண்ட தட்டில் குரங்குச் சிறுநீரக செல்களை வளர்ப்பார்கள். பிப்பெட்டால் நச்சையும், பரிசோதிக்கும் மருந்தை வெவ்வேறு அளவிலும் விட்டு, எந்தக் குழியில் செல்கள் பிழைத்தன என்று பிறகு பார்ப்பார்கள். பொறுமையும் சுத்தமான கையும் வேண்டும்.

தோல்வியும் நிறைய உண்டு. குடலிலேயே நச்சை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான முடிவில் பலன் இல்லை. க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற வேறொரு குடல் கிருமியின் நச்சைப் பிடிக்கும் பெஸ்லோடாக்சுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, நச்சைக் குறிவைப்பது வெறும் கனவு இல்லை.

இதற்கு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மருந்தியல் எதில் தொடங்கினாலும் சரி. முனைவர் பட்டம்வரை போனால் பத்து வருடம்கூட ஆகலாம், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆனால் பணத்தில் கறாராக இருங்கள். முனைவர் படிப்பு என்றால் உதவித்தொகையோடுதான். ஆராய்ச்சி இடத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வழியில் நின்றுவிட்டாலும் செல் வளர்ப்பும் தரவுப் பகுப்பாய்வும் தெரிந்தவளுக்குத் தடுப்பூசி நிறுவனங்களிலும் உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை இருக்கிறது.

கல்லூரி பார்க்கப் போகும்போது பெரியப்பாவை விட்டுவிட்டு அவளை அழைத்துப் போங்கள். கடைசி வருட மாணவர்களிடம், "செல் வளர்ப்பை நீங்களே கையால் செய்தீர்களா, பார்க்க மட்டும்தான் விட்டார்களா?" என்று அவளே கேட்கட்டும். பார்க்க மட்டும்தான் என்றால் அடுத்த கல்லூரிக்குக் கிளம்புங்கள்.